கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரியில் ஓடவில்லை: லினக்ஸ் சர்வரில் பைதான்

"அண்ணே, கையால ஓட்டினா நல்லா ஓடுது. ராத்திரியில மட்டும் ஓட மாட்டேங்குது."

கோலாலம்பூரில் சர்வர் வேலை பார்க்கும் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது. பெரும்பாலும் ஸ்கிரிப்டில் தப்பு இருக்காது. டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டும்போது உங்கள் லாகினும் கூடவே நின்று உதவுகிறது. எந்த பைதான், எந்த ஃபோல்டர், யாருடைய உரிமை, எந்த பாஸ்வேர்ட், எந்த மொழிக் குறியாக்கம், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் அது சொல்லாமலே எடுத்துக் கொடுத்துவிடும். நடுராத்திரியில் அந்த உதவி கிடையாது. அதனால் இவை அத்தனையையும் எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும். அதை எங்கே, எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. பினாங்கு லெபோ பசாரில் ஒரு துணிக்கடை. தினமும் இரவு 12.30க்கு முந்தைய நாள் விற்பனையை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, கூட்டிப் போட்டு, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கணக்காளருக்கு அனுப்ப வேண்டும். மாதம் முடிந்ததும் மொத்த மின்-விலைப்பட்டியலை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்கிரிப்டின் பெயர் கணக்கு.பை. அது இருக்கும் இடம் /ஆப்ட்/கடை (இந்த ஆப்ட், opt). கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், எந்த பைதான்? உபுண்டு 22.04-இல் வருவது 3.10, டெபியன் 12-இல் 3.11, உபுண்டு 24.04-இல் 3.12. இது சிஸ்டத்துக்குச் சொந்தமான பைதான். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் இதை நம்பித்தான் ஓடுகின்றன. இதன் மேல் சூடோ (ரூட், அதாவது முழு உரிமையும் உள்ள யூசராக ஓட்டும் கட்டளை) போட்டு பிப் (பைதான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) இன்ஸ்டால் செய்தால், ஏதாவது ஒரு லைப்ரரியின் வெர்ஷன் மாறி, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கருவி கெட்டுப்போகலாம். டெபியன் 12 முதல் பிப் இதைத் தடுத்துவிடுகிறது. "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று ஒரு பிழை வரும். அதே செய்தியின் கீழே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்ற வழியும் இருக்கிறது. பெயரே எச்சரிக்கைதான், அந்தப் பக்கம் போக வேண்டாம். புது வெர்ஷன் வேண்டும் என்று /யுஎஸ்ஆர்/பின்/பைதான்3 எதைக் காட்டுகிறதோ அதை மாற்றிவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஆப்ட் (apt, சிஸ்டத்தின் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) சார்ந்த கருவிகள் தங்கள் மாட்யூலைக் காணோம் என்று நின்றுவிடும். புது வெர்ஷன் தேவையென்றால் பக்கத்தில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், பழையதைத் தொடாதீர்கள்.

சரியான வழி வென்வ், அதாவது இந்த ஸ்கிரிப்டுக்கென்றே லைப்ரரிகளோடு தனியாக வைக்கும் பைதான் சூழல். டெபியன், உபுண்டு இரண்டிலும் பைதான்3-வென்வ் என்ற பேக்கேஜை முதலில் ஆப்ட் மூலம் போட வேண்டும். இல்லாவிட்டால் வென்வ் பாதியில் நின்றுவிடும். பிறகு "பைதான்3 -எம் வென்வ் /ஆப்ட்/கடை/வென்வ்". அதற்குப் பிறகு ஆக்டிவேட் செய்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆக்டிவேட் என்பது முக்கியமாக பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின்) வரிசையின் முதலில் வென்வ்வின் "பின்" (bin) ஃபோல்டரைச் சேர்க்கும் வேலை. டெர்மினலில் தட்டும் மனிதருக்கு வசதி, அவ்வளவுதான். சர்வர் ஓட்டும்போது /ஆப்ட்/கடை/வென்வ்/பின்/பைதான் என்று முழுப் பாதையைக் கொடுத்தால் போதும். அந்த பைதான் தன் லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று தானே கண்டுகொள்ளும். கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கருவி) வரியில் "சோர்ஸ் ஆக்டிவேட்" என்று எழுதி, டெபியன், உபுண்டுவின் /பின்/எஸ்ஹெச்-க்கு சோர்ஸ் என்ற கட்டளையே தெரியாமல் மாட்டிக்கொள்வதை நிறையப் பார்க்கலாம். முழுப் பாதை கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை.

வென்வ்வை இடம் மாற்றக்கூடாது. அதன் "பின்" (bin) ஃபோல்டரில் இருக்கும் பிப் போன்ற ஸ்கிரிப்ட்களின் முதல் வரியில் பழைய முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால் அவை இல்லாத பைதானைத் தேடும். 22.04-இலிருந்து 24.04-க்கு ஏறும்போதும் இதே கதி. உள்ளே இருக்கும் லைப்ரரிகள் 3.10 என்ற பெயருள்ள ஃபோல்டரில் கிடக்கும், பைதானோ 3.12 ஆகியிருக்கும். முதல் இம்போர்ட் வரியிலேயே "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" வரும். வென்வ் என்பது தூக்கி எறிந்துவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் சரியான வெர்ஷன் எண் இரட்டைச் சமக்குறியோடு இருக்க வேண்டும். "பிப் ஃப்ரீஸ்" அதைத் தரும்.

அடுத்தது யார் ஓட்டுவது. ரூட்டாக ஓட்ட வேண்டாம். கடை என்ற பெயரில் ஒரு சிஸ்டம் யூசரை "யூசர்ஆட் --சிஸ்டம்" கொண்டு உருவாக்கி, ஷெல்லாக நோலாகின் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டும் வென்வ்வும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கட்டும், கடை யூசர் படித்தால் போதும். எழுத வேண்டிய கோப்புகளுக்கு மட்டும் தனி இடம், /வார்/லிப்/கடை. ஸ்கிரிப்டில் ஓட்டை இருந்தாலும் அது தன் கோடை, அதாவது நிரலை, தானே மாற்ற முடியாது. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் வைப்பதும் வேலைக்காகாது. புது உபுண்டுவில் ஹோம் ஃபோல்டரின் உரிமை 750. வேறு யூசர் உள்ளே கால்வைக்க முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு விபத்து உண்டு. சோதித்துப் பார்க்க ஒருமுறை சூடோ போட்டு ஓட்டுவோம். அந்த ஓட்டத்தில் உருவான லாக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். ராத்திரி கடை யூசர் அதில் எழுதப் போனால் "பெர்மிஷன் டினைட்". சோதனையே பழுதை உண்டாக்கிவிட்டது. சோதிப்பதென்றால் "சூடோ -யூ கடை" என்று அந்த யூசராகவே ஓட்டிப் பாருங்கள்.

இப்போது கிரான். நல்ல கருவி, பழைய கருவி. ஆனால் அது கொடுக்கும் சூழல் மிக வறண்டது. டெபியன் குடும்பத்தில் சாதாரண யூசரின் கிரான்டேப்புக்கு (கிரான் வரிகளை எழுதும் கோப்பு) பாத் என்பது /யுஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு இடங்கள் மட்டுமே. ஷெல் /பின்/எஸ்ஹெச். நிற்கும் ஃபோல்டர் அந்த யூசரின் ஹோம். நீங்கள் .பாஷ்ஆர்சி-யில் (டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கும் கோப்பு) எக்ஸ்போர்ட் செய்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எதுவும் அங்கே வராது. பாஷ்ஆர்சி-யைக் கட்டாயமாகப் படிக்க வைத்தாலும் பலன் இல்லை. உபுண்டுவின் பாஷ்ஆர்சி முதல் சில வரிகளிலேயே "இது மனிதர் தட்டும் ஷெல்லா?" என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடும்.

இந்த வறட்சியை ராத்திரி வரை காத்திராமல் இப்போதே பார்க்கலாம். "என்வ் -ஐ" என்ற கட்டளை உங்கள் சூழலை முழுக்கத் துடைத்துவிட்டு ஒரு கட்டளையை ஓட்டும். "என்வ் -ஐ ஹோம்=/வார்/லிப்/கடை பாத்=/யுஎஸ்ஆர்/பின்:/பின் /பின்/எஸ்ஹெச் -சி" என்று எழுதி, அதன் பின்னால் உங்கள் கிரான் வரியை மேற்கோளுக்குள் வையுங்கள். அதற்கு முன் "சிடி /" போட்டு வேறு ஃபோல்டரில் நின்றுகொள்ளுங்கள். கையால் ஓட்டினால் ஓடுகிறது என்ற புகார்களில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே பட்டப்பகலில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஃபோல்டர் சமாச்சாரத்துக்கு மருந்து கோடுக்குள்ளேயே இருக்கிறது. "டேட்டா/விலை.சிஎஸ்வி" என்று எழுதினால் அது ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து தேடாது, நிற்கும் இடத்திலிருந்து தேடும். பாத்லிப்-இன் பாத்-க்குள் அடிக்கோடு-ஃபைல்-அடிக்கோடு கொடுத்து, ரிசால்வ் செய்து, பேரன்ட் எடுத்து, அதை அடிப்படையாக வைத்து எல்லாக் கோப்புகளையும் திறங்கள். ஒரே வரி வேலை.

கிரானில் விழும் இன்னொரு குழி சதவீதக் குறி. ஒவ்வொரு நாளும் புது லாக் கோப்பு வேண்டும் என்று டேட் கட்டளையில் %எஃப் போட்டு எழுதுவோம். டெர்மினலில் சரியாக வேலை செய்யும். கிரான்டேப்பில் % என்றால் புது வரி என்று பொருள். முதல் % வரைதான் கட்டளை, மீதி ஸ்டாண்டர்ட் இன்புட்டாகப் போய்விடும். வரி நடுவில் அறுந்து, ஸ்கிரிப்ட் தொடங்கவே தொடங்காது. அதற்கு முன்னால் பின்சாய்வுக்கோடு போட வேண்டும். இந்தப் பிழை எங்கேயும் தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. கிரான் தன் வெளியீட்டை மெயிலாக அனுப்பும். சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள் இல்லையென்றால் அந்த வெளியீட்டை அப்படியே தூக்கி எறிந்துவிடும். சிஸ்லாக்கில் "நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்" என்று ஒரே ஒரு வரி மட்டும் கிடக்கும்.

விண்டோஸில் எழுதிய கோப்பு லினக்ஸுக்கு வரும்போது இரண்டு தொந்தரவுகள். வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வந்தால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள பைதான்3 என்ற பெயரோடு அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சேர்ந்துவிடும். கோப்பு கண் முன்னே இருந்தாலும் "நோ சச் ஃபைல்" என்று சொல்லும். டாஸ்டுயுனிக்ஸ் ஓட்டினால் தீர்ந்தது. மற்றது எக்ஸெலில் இருந்து யுடிஎஃப்-8 என்று சேமித்த சிஎஸ்வி. அதன் தொடக்கத்தில் ஒரு மறைவான குறி இருக்கும். முதல் பத்தியின் பெயர் "பெயர்" என்றே தெரியும், ஆனால் பைதான் கீஎரர் கொடுக்கும். ஓப்பன் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுங்கள். வாடிக்கையாளர் பெயர்கள் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் கலந்து வரும் கடையில், ஒவ்வொரு ஓப்பன் வரியிலும் என்கோடிங்கை வெளிப்படையாக எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி நேரம். மலேசியாவில் ஓடும் ஸ்கிரிப்ட்களில் மிகக் கொடிய பிழை இங்கேதான் இருக்கிறது. காரணம், இது எந்தப் பிழைச்செய்தியும் தராது.

மேகச் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் வரும். நமக்கு யுடிசி-யைவிட 8 மணி நேரம் முன்னால். எனவே நம் நள்ளிரவு சர்வருக்கு முந்தைய நாள் மாலை 4 மணி. 13ஆம் தேதி பிறந்து அரை மணி நேரம் ஆனபோது, அதாவது 12.30க்கு, ஸ்கிரிப்ட் ஓடுகிறது. நமக்கு வேண்டியது 12ஆம் தேதி விற்பனை. ஸ்கிரிப்ட் "இன்று கழித்தல் ஒன்று" என்று கணக்குப் போடுகிறது. சர்வரின் இன்று 12ஆம் தேதி மாலை 4.30. கழித்தால் 11. கணக்காளருக்குக் கோப்பு போகிறது, தொகை இருக்கிறது, எல்லாம் சரிபோலவே இருக்கிறது. ஆனால் அது முந்தாநாள் கணக்கு. சந்தேகப்பட்டு அதே 13ஆம் தேதி காலை 10 மணிக்குக் கையால் ஓட்டிப் பார்த்தால்? அப்போது யுடிசி-யில் 13ஆம் தேதி விடியற்காலை 2 மணி. கழித்தால் 12. சரியான கணக்கு வருகிறது! நம் நேரம் காலை 8 மணிக்கு மேல் யார் சோதித்தாலும் பிழை தெரியாது.

மாதக் கடைசியில் இது இன்னும் சிக்கலாகும். ஒன்றாம் தேதி 12.30 என்பது யுடிசி-யில் போன மாதக் கடைசி நாள் மாலை 4.30. மாதக் கடைசி நாள் 28ஆ, 30ஆ, 31ஆ என்று கிரான்டேப் வரியில் சொல்ல வழியில்லை. டெபியன் கிரானில் ஒவ்வொரு யூசருக்கும் தனி நேர மண்டலம் கொடுக்கவும் முடியாது. ரெட்ஹேட் குடும்பத்தின் கிரானான க்ரோனியில் கிரான்_டிஇசட் என்று ஒன்று உண்டு, டெபியனில் அது பலிக்காது.

சர்வரின் நேரத்தையே "டைம்டேட்சிடிஎல்" கொண்டு ஏசியா/கோலாலம்பூர் என்று மாற்றிவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் நடக்கும். மாற்றிய பின் கிரானை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். என் விருப்பம் வேறு. சர்வர் யுடிசி-யிலேயே இருக்கட்டும். நாளை வேறு சர்வருக்கு மாறும்போது இந்த அமைப்பைச் செய்ய யாருக்கும் ஞாபகம் இருக்காது, பிழை சத்தமில்லாமல் திரும்பி வரும். கோடுக்குள் ஜோன்இன்ஃபோ மாட்யூலால் ஏசியா/கோலாலம்பூர் என்று சொல்லி, டேட்டைம்.நவ்-க்குள் அதைக் கொடுத்து நாளைக் கணக்கிடுங்கள். பைதான் 3.9 முதல் இது உள்ளேயே இருக்கிறது. மிகச் சிறிய கன்டெய்னர்களில் நேர மண்டலத் தரவு இருக்காது. அங்கே டிஇசட்டேட்டா என்ற பேக்கேஜை பிப் மூலம் போட்டுக்கொள்ள வேண்டும்.

மைஇன்வாய்ஸ் இதற்கு நேர் எதிர். அதற்கு அனுப்பும் விலைப்பட்டியலின் தேதியும் நேரமும் யுடிசி-யில் இருக்க வேண்டும். நம் ஊர் நேரத்தை எடுத்து அதன் வாலில் இசட் எழுத்தை ஒட்டி அனுப்பினால், எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் பிறந்த பட்டியலாகிவிடும். ஒரே ஸ்கிரிப்டில் விற்பனை நாள் கோலாலம்பூர் நேரத்தில், பட்டியல் நேரம் யுடிசி-யில். இரண்டையும் மண்டலம் ஒட்டிய டேட்டைம் ஆகவே வைத்திருந்தால் பைதான் சரியாக மாற்றிக்கொடுக்கும். மண்டலம் இல்லாத வெறும் நேரத்தை எங்கேயும் உலவ விடாதீர்கள். 1982க்கு முந்தைய பதிவுகளைத் தொடுபவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். அதுவரை தீபகற்பத்தின் நேரம் யுடிசி-யைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது. அந்தப் புத்தாண்டில்தான் அரை மணி தள்ளி எட்டு ஆனது. ஜோன்இன்ஃபோவுக்கு இது தெரியும், கையால் எட்டு கூட்டும் கோடுக்குத் தெரியாது.

இத்தனையும் பார்த்த பிறகு, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருள்) டைமரைத்தான் சொல்வேன். இரண்டு சிறு கோப்புகள் எழுத வேண்டும், கிரானைவிடக் கொஞ்சம் நீளம். ஆனால் இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை எழுத்தில் சொல்வதற்கு அங்கே ஒவ்வொரு வரி தயாராக இருக்கிறது. /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் கணக்கு.சர்வீஸ் என்ற கோப்பு. அதன் சர்வீஸ் பகுதி இப்படி இருக்கும்:

டைப்=ஒன்ஷாட்
யூசர்=கடை
வொர்க்கிங்டைரக்டரி=/ஆப்ட்/கடை
ஸ்டேட்டைரக்டரி=கடை
என்விரான்மென்ட்ஃபைல்=/ஈடிசி/கடை.என்வ்
என்விரான்மென்ட்=பைதான்அன்பஃபர்ட்=1
எக்ஸெக்ஸ்டார்ட்=/ஆப்ட்/கடை/வென்வ்/பின்/பைதான் /ஆப்ட்/கடை/கணக்கு.பை
டைம்அவுட்ஸ்டார்ட்செக்=15மின்

ஸ்டேட்டைரக்டரி வரி /வார்/லிப்/கடை ஃபோல்டரை உருவாக்கி, அந்த யூசருக்கே சொந்தமாக்கிக் கொடுக்கும். பாஸ்வேர்ட்கள் இருக்கும் கடை.என்வ் கோப்பை ரூட்டுக்குச் சொந்தமாக்கி 600 உரிமை கொடுங்கள். யூசர் மாறுவதற்கு முன்பே சிஸ்டம்டி அதைப் படித்துவிடும். அந்தக் கோப்பில் எக்ஸ்போர்ட் என்ற சொல் வரக்கூடாது. அது ஷெல் கோப்பு இல்லை. யூனிட் கோப்பில் (இந்த .சர்வீஸ், .டைமர் கோப்புகள்) வரியின் வாலில் ஹாஷ் போட்டுக் குறிப்பு எழுதாதீர்கள், அதுவும் மதிப்பின் பகுதியாகவே போகும். குறிப்புக்குத் தனி வரி.

அன்பஃபர்ட் வரி ஏன்? டெர்மினலில் பிரின்ட் செய்தால் ஒவ்வொரு வரியும் உடனே தெரியும். டெர்மினல் இல்லாதபோது பைதான் வெளியீட்டைச் சேர்த்து வைத்து, பஃபர் நிரம்பினால்தான் வெளியே தள்ளும். ஸ்கிரிப்ட் நடுவில் கொல்லப்பட்டால் சேர்த்து வைத்திருந்த கடைசி வரிகள் அதோடு போய்விடும். எதைத் தேடுகிறோமோ அந்த வரிகளே இருக்காது.

கடைசி வரியான டைம்அவுட் எல்லாவற்றிலும் முக்கியம். ஒன்ஷாட் சர்வீஸுக்கு (ஒருமுறை ஓடி முடியும் வேலை) இயல்பாகத் தொடக்க நேர வரம்பு கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடலாம். இணையத்தில் தரவு அனுப்பப் பயன்படும் பைதானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கும் நீங்கள் சொல்லாதவரை நேர வரம்பு கிடையாது. எதிர்ப்பக்கச் சர்வர் இணைப்பை எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தால், ஸ்கிரிப்ட் அப்படியே காத்து நிற்கும். முந்தைய ஓட்டம் முடியாதவரை டைமர் புதிய ஓட்டத்தைத் தொடங்காது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருநாள் தொங்கிய ஸ்கிரிப்ட் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். தோல்வி என்று எதுவும் பதிவாகாது, ஏனென்றால் அது இன்னும் "ஓடிக்கொண்டிருக்கிறது". ரன்டைம்மேக்ஸ்செக் என்ற வரியைப் போட்டால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், ஒன்ஷாட்டுக்கு அது செல்லாது. டைம்அவுட்ஸ்டார்ட்செக்-தான் வேண்டும். கோடுக்குள்ளும் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்ஸ் அழைப்பிலும் இணைக்க 5 வினாடி, படிக்க 30 வினாடி என்று இரண்டு எண்களாகக் கொடுங்கள்.

டைமர் கோப்பு சின்னது. கணக்கு.டைமர், அதன் டைமர் பகுதியில் ஆன்கேலெண்டர் வரிக்கு "*-*-* 00:30:00 ஏசியா/கோலாலம்பூர்". நேர மண்டலத்தை வரியிலேயே எழுதிவிட்டோம், சர்வர் எந்த நேரத்தில் இருந்தாலும் கவலையில்லை. "சிஸ்டம்டி-அனலைஸ் கேலெண்டர்" என்று தட்டி இந்த வரியை மேற்கோளுக்குள் கொடுத்தால் அடுத்து எப்போது ஓடும் என்று யுடிசி-யிலும் சேர்த்துக் காட்டும். ஓட்டுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள். அடுத்த வரி பெர்சிஸ்டென்ட்=ட்ரூ. 12.30க்கு சர்வர் அணைந்திருந்தால், மீண்டும் எழுந்ததும் விட்டுப்போன ஓட்டத்தை ஒருமுறை ஓட்டும். இன்ஸ்டால் பகுதியில் வான்டட்பை=டைமர்ஸ்.டார்கெட். பிறகு டீமன்-ரீலோட், "எனேபிள் --நவ் கணக்கு.டைமர்". எனேபிள் செய்ய வேண்டியது டைமரை மட்டும், சர்வீஸை அல்ல.

மூன்று நாள் அணைந்திருந்தாலும் பெர்சிஸ்டென்ட் ஒருமுறைதான் ஓட்டும், மூன்று முறை அல்ல. ஆகவே ஸ்கிரிப்ட் "நேற்று" என்று மட்டும் யோசிக்கக்கூடாது. எந்த நாள் வரை அனுப்பியாயிற்று என்று டேட்டாபேஸில் பதிந்து, விட்டுப்போன எல்லா நாட்களையும் வரிசையாக முடிக்க வேண்டும். ஒரே நாளுக்கு இரண்டு முறை ஓடினாலும் இரண்டாவது பட்டியல் போகக்கூடாது. மாத மொத்தப் பட்டியலை மாதம் முடிந்து 7 நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும். மனிதர் கவனித்துச் சரிசெய்ய அந்த ஏழு நாள்தான் இருக்கிறது.

நாள் முழுக்க ஓடும் ஸ்கிரிப்ட் என்றால், உதாரணமாக வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் டெலிகிராம் பாட், டைப்பை சிம்பிள் ஆக்கி ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர், ரீஸ்டார்ட்செக்=5 போடுங்கள். ரீஸ்டார்ட்செக் சொல்லாவிட்டால் இயல்பு 100 மில்லிசெகண்ட். அதனால் தொடங்கியதும் விழும் ஸ்கிரிப்ட் பத்து வினாடிக்குள் ஐந்து முறை விழுந்து, சிஸ்டம்டி கைவிட்டுவிடும். நோஹப், ஸ்கிரீன், டிமக்ஸ் எல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சரி. சர்வர் ரீபூட் ஆனால் அவற்றில் ஓடியது எதுவும் தானாக எழாது.

நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் அதுதான் தரவைக் கெடுக்கிறது. டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் பைதானுக்குள் கீபோர்ட்இன்டரப்ட் எழும், ஃபைனலி பகுதிகள் ஓடும், கோப்பு ஒழுங்காக மூடப்படும். சிஸ்டம்டி நிறுத்தும்போது அனுப்புவது வேறு சிக்னல், சிக்டெர்ம். அதற்கு பைதானின் இயல்பான பதில் அந்த இடத்திலேயே சாவது. ஃபைனலி ஓடாது, அட்எக்ஸிட் ஓடாது. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். மருந்து இரண்டு. சிக்னல் மாட்யூலில் சிக்டெர்ம்-க்கு ஒரு சிறு ஃபங்ஷனைப் பதிவுசெய்து, அதற்குள் சிஸ்.எக்ஸிட் அழையுங்கள். அது சிஸ்டம்எக்ஸிட் என்ற விதிவிலக்கை எழுப்பும், ஃபைனலி எல்லாம் ஓடும். நிறுத்தச் சொன்னபின் சிஸ்டம்டி இயல்பாக 90 வினாடி காத்திருக்கும், அதன்பின் சிக்கில் (SIGKILL) என்ற கொல்லும் சிக்னலை அனுப்பும். அதற்கு எந்தக் கோடும் பதில் சொல்ல முடியாது. எனவே இரண்டாவது மருந்து: கோப்பை நேராக எழுதாமல், அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். படிப்பவர் கண்ணில் பழைய முழுக் கோப்போ புது முழுக் கோப்போதான் படும்.

கிரானிலேயே இருப்பவர்களுக்கு இரட்டை ஓட்டத்தைத் தடுக்க எஃப்லாக் -என் என்ற பூட்டுக் கட்டளை போதும். ஓடும் ஸ்கிரிப்டின் எண்ணை பிஐடி கோப்பில் எழுதிவைக்கும் பழைய பழக்கத்தைவிட இது மேல். ஸ்கிரிப்ட் செத்தால் பூட்டை கெர்னலே எடுத்துவிடும்.

விழுந்தால் எங்கே பார்ப்பது? "ஜர்னல்சிடிஎல் -யூ கணக்கு.சர்வீஸ் --சின்ஸ் யெஸ்டர்டே". அங்கே வரும் எண்களே பாதிக் கதையைச் சொல்லும். 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட்டில் உள்ள கோப்பை ஓட்டவே முடியவில்லை: பாதை தப்பு, உரிமை இல்லை, அல்லது அந்த கேரேஜ் ரிட்டர்ன். 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரிக்குள் போக முடியவில்லை. 217 என்றால் அப்படி ஒரு யூசரே இல்லை. ஷெல்லில் 137 வந்தால் சிக்கில் வாங்கியிருக்கிறது. 1 ஜிபி நினைவகம் உள்ள சிறு சர்வரில் பாண்டாஸ் கொண்டு பெரிய சிஎஸ்வி-யை ஒரே மூச்சில் படித்தால் கெர்னல் கொன்றுவிடும். டிமெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். சங்க்சைஸ் கொடுத்துத் துண்டு துண்டாகப் படித்தால் தப்பிக்கலாம்.

இந்த எண்களெல்லாம் உதவ வேண்டுமானால் ஸ்கிரிப்ட் உண்மை பேச வேண்டும். எக்ஸெப்ட் போட்டு எல்லாப் பிழைகளையும் பிடித்து, ஒரு பிரின்ட் செய்துவிட்டு அமைதியாக முடிந்தால் வெளியேறும் எண் 0. சிஸ்டம்டி-க்கு அது வெற்றி. பிழையை லாகிங்.எக்ஸெப்ஷன் மூலம் எழுதிவிட்டு மறுபடி ரெய்ஸ் செய்யுங்கள். அப்போதுதான் யூனிட் கோப்பின் ஆன்ஃபெய்லியர் வரியில் நீங்கள் வைத்திருக்கும் எச்சரிக்கை சர்வீஸ் எழுந்து உங்கள் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

எல்லாம் முடிந்ததும், கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் பார்த்து சர்வரை ரீபூட் செய்யுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வேண்டாம். எழுந்ததும் எதையும் கையால் தொடங்காமல் "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" தட்டுங்கள். கணக்கு.டைமர் பட்டியலில் இருக்க வேண்டும், அடுத்த ஓட்டம் 16:30 யுடிசி என்று காட்ட வேண்டும். மறுநாள் காலை ஜர்னலைத் திறந்து, ஸ்கிரிப்ட் எழுதிய கடைசி வரியைப் பாருங்கள். அதில் இருக்கும் விற்பனைத் தேதி நேற்றா, முந்தாநாளா?